பாதம் அகலம், அடி தட்டை... ஷூவை ஒரு சைஸ் கூட்டி வாங்கலாமா? | வாங்கும் முன்

போன வாரம் குக்கர் கேஸ்கெட் பற்றி எழுதியதற்கு வந்த மெயில்களுக்கு நடுவே, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றும் இருந்தது. எழுதியவர் விருதுநகர் பக்கம் ஓர் அம்மா. மகன் போலீஸ் வேலைக்குத் தயாராகிறார். விடிவதற்குள் எழுந்து பள்ளி மைதானத்தில் ஓடுகிறார். பிரச்னை, ஷூ. மூன்று மாதத்துக்கு மேல் எதுவும் உழைப்பதில்லை. இதுவரை மூன்று ஜோடி போய்விட்டது. மூன்றிலும் சோல் தேய்ந்து, சுண்டுவிரல் பக்கம் துணி பிய்ந்திருக்கிறது. மகனுக்குப் பாதம் அகலம். உள்பக்க வளைவும் கிடையாது, தட்டை. கடையில் ஒவ்வொரு முறையும் ஒரே யோசனைதான்: "ஒரு சைஸ் கூட்டி எடுத்துக்கோங்கம்மா, லூஸா இருக்கும்." இந்த முறை நாலாயிரம் ரூபாய் வரை போடத் தயார், ஆனால் ஷூ உழைக்க வேண்டும் என்கிறார்.

வாக்கிங் போகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்பதால், இந்த வாரம் முழுக்க ஷூதான்.

முதலில் அந்த மூன்று மாதக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஓடுவதற்கான ஷூவின் ஆயுளைக் கிலோமீட்டரில்தான் கணக்கிடுவார்கள். பொதுவாகச் சொல்லப்படும் அளவு 500 முதல் 800 கிலோமீட்டர். ஒருவர் தினம் 8 கி.மீ வீதம் வாரத்தில் ஆறு நாள் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 48 கி.மீ. 13 வாரத்தில் 624 கி.மீ. அப்படி ஓடுகிறவருக்கு மூன்று மாதத்தில் சோல் தேய்ந்தால், அந்த ஷூ தன் வேலையை முடித்துவிட்டது. அதைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

சுண்டுவிரல் பக்கம் பிய்ந்துகொண்டு வருவது வேறு கதை. உள்ளே இடம் போதாத பாதம், ஒவ்வோர் அடிக்கும் துணியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. 8 கி.மீ ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் சில ஆயிரம் முறை தரையில் படும். அத்தனை முறையும் ஒரே இடத்தில் இடி. எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் பிய்யத்தான் செய்யும்.

எங்கள் ஆபீஸ் பக்கத்தில் செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைக் கேட்டபோது, தைக்க வந்து கிடந்த ஷூக்களில் இரண்டைத் தூக்கிக் காட்டினார். ஒன்றில் குதிகால் பக்கம் சோல் மழுங்கியிருந்தது, மேல்துணி நன்றாக இருந்தது. இன்னொன்றில் சோல் புதுசு போலவே இருந்தது. ஆனால் சுண்டுவிரல் பக்கம், சோலும் துணியும் சேருகிற இடத்தில் வாய் பிளந்திருந்தது. "இது கால் பெருசு பாப்பா, ஷூ சின்னது. நான் தச்சுக் குடுத்தாலும் மறுபடி இங்கதான் வரும்" என்றார்.

நீளம் வேறு, அகலம் வேறு

அப்படியானால் சைஸ் கூட்டுவது சரிதானே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். நம் கடைகளில் பெரும்பாலும் சொல்லப்படும் 6, 7, 8, 9 எல்லாம் யூ.கே. அளவு. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் ஓர் இன்ச்சின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ வித்தியாசம். சைஸ் கூடும்போது அகலமும் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். கடையில் போட்டதும் 'அப்பாடா' என்று இருப்பது அதனால்தான். ஆனால் அந்தக் கொஞ்ச அகலத்துக்காகத் தேவையில்லாத நீளத்தையும் சேர்த்து வாங்கிவிடுகிறோம். தோள் பிடிக்கிறது என்று கை நீளமான சட்டை வாங்குவது போல.

நீளம் கூடினால் என்ன ஆகும்? ஷூ மடங்குவதற்கென்று ஓர் இடம் உண்டு. விரல்கள் மடங்கும் முட்டிக்கு நேர் கீழே அது இருக்க வேண்டும். சைஸ் கூட்டினால் அந்த இடம் முன்னால் நகர்ந்துவிடும். கால் ஓரிடத்தில் மடங்க, ஷூ இன்னோர் இடத்தில் மடங்கும். அந்த மடிப்பில் துணி வெடிக்கும். பின்னால் குதிகால் கழன்று கழன்று ஏறும். ஓட்டத்தை நிறுத்தும்போது கால் முன்னால் வழுக்கிப்போய் இடிப்பதில் பெருவிரல் நகம் கறுத்துப்போகும்.

தட்டைப் பாதக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தொந்தரவு ஒன்று உண்டு. இன்சோலில், அதாவது ஷூவுக்குள் இருக்கும் மெத்தையில், உள்பக்கம் ஒரு மேடு இருக்கும். நீளமான ஷூவில் அந்த மேடும் இடம் மாறிவிடும். வளைவே இல்லாத பாதத்தின் நடுவில் அது கூழாங்கல் போல உறுத்தும். "எந்த ஷூ போட்டாலும் நடுவுல குத்துது" என்று சொல்பவர்கள், தங்கள் பாதத்தைத் திட்டுவதற்கு முன் சைஸைப் பார்ப்பது நல்லது.

அகலத்துக்குத் தனி அளவு இருக்கிறது. எழுத்தில் குறிப்பிடுவார்கள். ஆண்கள் ஷூவில் 'டி' என்றால் சாதாரண அகலம், '2இ' அகலம், '4இ' மிக அகலம். பெண்களுக்கு 'பி' சாதாரணம், 'டி' அகலம், '2இ' மிக அகலம். பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரிலோ ஷூவின் நாக்குக்கு உள்ளே இருக்கும் லேபிளிலோ சைஸ் பக்கத்தில் இருக்கும். சில நிறுவனங்கள் ஆங்கிலத்தில் 'வைட்' என்றே போட்டுவிடும். எதுவுமே இல்லாவிட்டால் சாதாரண அகலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் பெண்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆண்களின் சாதாரண அகலமே பெண்களுக்கு 'அகலம்'. அதனால் அகலப் பாதம் உள்ள பெண்கள் ஆண்கள் பக்க அலமாரியையும் ஒருமுறை பார்க்கலாம். நிறம் கறுப்பும் நீலமுமாக இருக்கும், போகட்டும். குதிகால் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் லூஸாக இருக்கலாம். அதை லேஸ் கட்டும் விதத்தில் சரிசெய்யலாம், கீழே சொல்கிறேன்.

அடையாறில் அளந்த பாதங்கள்

அகலப் பாதம் ஏதோ குறை போலப் பேசுகிறோம். உண்மையில் பெரும்பாலும் குறை அச்சில் இருக்கிறது. ஷூவை எந்த உருவத்தின் மேல் இழுத்துத் தைக்கிறார்களோ, அந்தப் பாத அச்சுக்குத் தொழிலில் 'லாஸ்ட்' என்று பெயர். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன. ஆனால் இந்தியர்களின் பாதத்தை அளந்து நமக்கென்று ஓர் அளவுமுறை இத்தனை காலம் இருக்கவில்லை. சுதந்திரத்துக்கு முன் வந்த யூ.கே. எண்களையே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே நாடு முழுக்க ஓர் ஆய்வு நடத்தியது. 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, 79 இடங்களில், 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தார்கள். கிடைத்த முடிவுகளில் முக்கியமானது, ஐரோப்பியர்களையும் அமெரிக்கர்களையும்விட இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலம் என்பது. அகலம் போதாமல், தேவைக்கு மேல் நீளமான ஷூவைப் போட்டுக்கொண்டு நம்மவர்கள் அவஸ்தைப்படுவதும் அதில் பதிவானது. அந்த ஆய்வை வைத்து 'பா' என்ற பெயரில் இந்திய அளவுமுறை ஒன்றையும் முன்மொழிந்திருக்கிறார்கள். பாரத்தின் 'பா'. அது எல்லாக் கடை அலமாரிக்கும் வந்து சேரும்வரை, நாமே அளந்துகொண்டு போவதுதான் வழி.

(அதே ஆய்வில் பெற்றோருக்கு உதவும் தகவல் ஒன்று. பெண்களின் பாதம் சராசரியாக 11 வயதில் முழு வளர்ச்சியை எட்டுகிறது, ஆண்களுக்கு 15, 16 வயதில். 'வளர்ற பிள்ளை' என்று சொல்லி ப்ளஸ் டூ மாணவிக்கு இரண்டு சைஸ் பெரிய ஷூ எடுக்க வேண்டியதில்லை.)

அளப்பதற்கு ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும். மாலையில் அளந்து பாருங்கள், பகல் முழுக்க நின்று நடந்ததில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். குதிகாலைச் சுவரில் ஒட்டி, இரண்டு காலிலும் எடையைப் போட்டு நிமிர்ந்து நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு அளந்தால் தட்டைப் பாதத்தின் உண்மையான அளவு வராது. எடை ஏறும்போதுதான் அது நீண்டு, பரந்து படியும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வேறொருவர் வரைந்தால் நல்லது. இரண்டு காலையும் வரையுங்கள், பெரிய காலின் அளவுதான் கணக்கு.

அந்தத் தாளை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து (பெரும்பாலான ரன்னிங் ஷூவில் வரும்) அதன் மேல் தாளை வையுங்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இன்சோல் மிஞ்ச வேண்டும். பக்கவாட்டில் தாள் இன்சோலைத் தாண்டி நன்றாக வெளியே வழிந்தால், அந்த ஷூ என்ன பிராண்டாக இருந்தாலும், எத்தனை சதவிகிதத் தள்ளுபடியாக இருந்தாலும் சுண்டுவிரல் பக்கம் பிய்யப்போகிறது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

தட்டைப் பாதத்துக்குத் தனி ஷூ தேவையா?

குளித்துவிட்டு வந்து சிமென்ட் தரையில் ஈரக்காலை வைத்தால் தடம் விழும் இல்லையா, கிருஷ்ண ஜெயந்திக்கு மாக்கோலத்தில் போடும் பாதம் போல நடுவில் ஒடுங்கியிருந்தால் வளைவு இருக்கிறது. செங்கல் போல முழுசாகப் பதிந்தால் தட்டை. அடுத்து, குதிகாலைத் தூக்கி முன்விரல்களில் நில்லுங்கள். அப்போது உள்பக்கம் வளைவு தெரிந்தால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இந்த வகைதான். வலி இல்லாவிட்டால் இதற்கு வைத்தியம் எதுவும் தேவையில்லை.

நெகிழ்வான தட்டைப் பாதம் தரையில் பதியும்போது கணுக்கால் சற்று அதிகமாக உள்பக்கம் சாயும். அதைத் தாங்குவதற்கென்று உள்பக்கம் கெட்டியான ஃபோம் வைத்தோ, அடியை அகலமாக்கியோ செய்யும் ஷூக்களை 'ஸ்டெபிலிட்டி' ஷூ என்கிறார்கள். தட்டைப் பாதமா, இதைத்தான் வாங்க வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் ஆராய்ச்சிகள் அவ்வளவு உறுதியாக இல்லை. அமெரிக்காவில் ராணுவம், விமானப்படை, மரைன் படைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்து ஆய்வுகள் நடத்தினார்கள். ஒரு பிரிவுக்குப் பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்கு எல்லாருக்கும் ஒரே வகை. பயிற்சியில் ஏற்பட்ட காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இன்னொரு பக்கம், லக்ஸம்பர்க்கில் நடந்த ஆய்வு ஒன்றில் கால் அதிகமாக உள்சாயும் ஓட்டக்காரர்களுக்கு இந்த மாதிரி ஷூவால் காயம் குறைந்தது. ஆக, உதவலாம், கட்டாயமில்லை.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் பென்னோ நிக், பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு சொன்னது ரொம்ப எளிமையானது: போட்டு ஓடிப் பார்த்து, எது காலுக்குச் சுகமாக இருக்கிறதோ அதை எடு. இதை எங்கள் வீட்டுப் பாட்டிகூடச் சொல்வார் என்று தோன்றினால் தப்பில்லை.

அதனால் நாலாயிரம் ரூபாய் பட்ஜெட்டுக்கு என் யோசனை இது. அந்தப் பணத்தில் அகலத்தைத் தேடுங்கள், 'ஸ்டெபிலிட்டி' என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். ஸ்டெபிலிட்டி வகையில் பெயர் பெற்ற அசிக்ஸ் ஜெல்-கயானோ, ஜிடி-2000, புரூக்ஸ் அட்ரினலின் ஜிடிஎஸ், நியூ பேலன்ஸ் 860 போன்றவை அகல அளவிலும் வருகின்றன. ஆனால் முழு விலை பத்தாயிரத்தை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். போன வருட மாடலைத் தள்ளுபடியில் பிடித்தால்தான் உண்டு. நாலாயிரத்துக்குள் என்றால், இதே மாதிரி நிறுவனங்களின் ஆரம்ப விலை மாடல்களில் '2இ' அல்லது 'வைட்' இருக்கிறதா என்று கேளுங்கள். அலமாரியில் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். கேட்டால் அடுத்த கிளையிலிருந்து வரவழைப்பவர்கள் உண்டு.

மெடிக்கல் ஷாப்பில் 'ஆர்ச் சப்போர்ட்' என்று விற்கும் பேடை வாங்கி இறுக்கமான ஷூவுக்குள் வைப்பது மட்டும் வேண்டாம். ஏற்கெனவே இடமில்லாத இடத்தில் இன்னொரு ஆளை உட்கார வைப்பது போல் ஆகிவிடும். இன்னொன்று, எந்த ஷூவும் எந்த இன்சோலும் பெரியவர்களின் தட்டைப் பாதத்தில் வளைவை முளைக்க வைக்காது. அப்படி விளம்பரம் வந்தால் கடந்து போய்விடுங்கள்.

வேலைக்குத் தயாராகிறவர்கள் இதை ஷூவுக்கு முன்பே பார்க்க வேண்டும். மத்திய ஆயுதப் போலீஸ் படைகளுக்கான அறிவிப்புகளில் தட்டைப் பாதம் இருக்கக் கூடாது என்றே இருக்கும். ராணுவ அதிகாரிகள் தேர்வுக்கான மருத்துவ விதிகளில் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறார்கள். முன்விரலில் நிற்கும்போது வளைவு திரும்ப வந்தால், விரல்களில் குதித்து ஓட முடிந்தால், பாதம் வலியின்றி நெகிழ்வாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது அந்த விதி. எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறாரோ அந்த அறிவிப்பின் மருத்துவப் பகுதியைப் படித்துவிட்டு, ஓர் எலும்பு மருத்துவரிடம் பாதத்தை ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடுவதற்காக மாதக்கணக்கில் உழைத்த பிள்ளை, மருத்துவப் பரிசோதனையில்தான் இதை முதல்முறை கேள்விப்பட வேண்டும் என்று இல்லை.

சின்னக் குழந்தைகளுக்குத் தட்டையாக இருக்கிறதே என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வரி. பிறக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் இருக்கும், வளைவு வளர வளரத்தான் வரும். மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களைப் பார்த்து 1992-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காலணி போட்டுப் பழகியவர்களில் 8.6 சதவிகிதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் திரிந்தவர்களில் 2.8 சதவிகிதம்தான். மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்பு போட்டவர்களிடம் குறைவு. வீட்டுக்குள்ளும் மணலிலும் குழந்தையை வெறுங்காலில் விட்டுவிடுங்கள்.

கையில் எடுத்துப் பார்க்க

இப்போது உழைப்புக்கு வருவோம். ஷூவைத் திருப்பி அடியைப் பாருங்கள். குதிகாலிலும் முன்பாதத்திலும் ரப்பர் ஒட்டியிருக்க வேண்டும். அடி முழுக்க வெறும் ஃபோம் என்றால் தார் ரோடு அதைச் சீக்கிரம் தின்றுவிடும். ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். பஞ்சு போல் உள்ளே போகும் ரப்பர் மெத்தென்று இருக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். இரண்டு முனையையும் பிடித்து மடக்குங்கள். விரல் முட்டி இருக்கும் இடத்தில் மடங்க வேண்டும். நட்டநடுவில் புத்தகம் போல மடங்கினால் வைத்துவிடுங்கள். குதிகால் கிண்ணத்தைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள். சப்பென்று அமுங்கினால் அதுவும் வேண்டாம், உள்சாயும் கால் அதைச் சில வாரத்தில் சாய்த்துவிடும். சுண்டுவிரல் பக்கம் வெறும் வலைத்துணியாக இல்லாமல் மேலே ஒரு பட்டை ஓடினால் நல்லது. ஆனால் கெட்டியான தையல் அந்த இடத்தில் உறுத்தக் கூடாது.

ஆன்லைனில் வாங்கினால் டேக்கைக் கழற்றாமல் வீட்டுக்குள் பாய் மேல் நடந்து பாருங்கள். ரிட்டர்ன் விதியை வாங்கும் முன் படியுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதமும் வருடமும் முக்கியம். விசேஷத்துக்கென்று அலமாரியில் எடுத்து வைத்த ஷூவை இரண்டு மூன்று வருடம் கழித்துப் போட்டால், அடி மாவு மாவாக உதிர்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பாலியூரித்தேன் என்ற ஃபோம் காற்றின் ஈரப்பதத்தில் மெல்ல மெல்ல உடைவதால் வருவது அது. பல ரன்னிங் ஷூக்களில் இருக்கும் ஈ.வி.ஏ. ஃபோம் அப்படி உதிராது. ஆனாலும் பழைய சரக்கில் பசை காய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. பாதி விலை என்றால் ஏன் பாதி விலை என்று பார்க்க வேண்டும்.

லேஸ் விஷயம். முன்பாதம் அகலமானவர்கள் விரல் பக்கத்து முதல் ஓட்டையை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து கோர்த்தால் அங்கே கொஞ்சம் இடம் கிடைக்கும். குதிகால் கழன்றால், கணுக்கால் பக்கம் சும்மா இருக்கும் கடைசி ஓட்டையில் அதே பக்க லேஸை நுழைத்து ஒரு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் விட்டு இழுத்துக் கட்டுங்கள். குதிகால் அசையாது.

வாங்கியதை ஓடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மைதானத்துக்குப் பைக்கில் போகிறவர்கள் கியர் போடுவதிலேயே இடது ஷூவின் மேல்துணி கிழிந்துவிடுகிறது. செருப்பில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம். சாலையில் ஓடுகிறவர்கள் எப்போதும் ஒரே ஓரமாக ஓட வேண்டாம். தண்ணீர் வழிய சாலை ஓரம் சரிவாக இருக்கும், ஒரு காலே தொடர்ந்து சாயும். மண் மைதானம் எவ்வளவோ மேல்.

வாக்கிங் போகும் அப்பா, அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. இத்தனை வருடம் நன்றாக இருந்த பாதம், அதுவும் ஒன்று மட்டும், திடீரென்று தட்டையானால், கணுக்காலின் உள்பக்கம் வலியும் வீக்கமும் வந்தால், ஷூ கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். பாதத்தைத் தாங்கும் தசைநாண் பழுதாகியிருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதம் சூடாகி, சிவந்து, வீங்கினால் வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் வலியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவர்கள் புது ஷூவைப் போட்டு அரை மணி நேரம் வீட்டுக்குள் நடந்து, கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளியே போடலாம்.

கடைசியாக, துவைப்பது. வாஷிங் மெஷினில் போட்டு, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் பசை விட்டுவிடும், ஃபோமும் இறுகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலும் இதே கதிதான். இன்சோலைத் தனியாக எடுத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, உள்ளே நியூஸ் பேப்பரைக் கசக்கித் திணித்து, ஃபேன் காற்றில் நிழலில் காயவையுங்கள். பேப்பர் ஈரமானதும் ஒருமுறை மாற்றுங்கள். ராத்திரி வைத்தால் பெரும்பாலும் காலைக்குள் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் இன்னும் ஒரு நாள் ஆகலாம். அன்றைக்கு மட்டும் போட, பழைய ஜோடி ஒன்றைத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.